பட்டியல் சேருமா? விளையாட்டுக் கணினி பற்றி வாசகர் கேள்வி–பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளைகள் விளையாட்டுக் கணினி கேட்கிறார்கள். பெற்றோர் தங்கள் கையிலுள்ள தொகையைச் சொல்கிறார்கள். வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியலோ யாரோ ஒருவருடைய காணொளியிலிருந்து எடுத்ததாக இருக்கிறது. ஆகவே இவ்விதழின் பகுதியை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, நான் தோட்டத்துச் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். என் மகன், விளையாடுவதற்கும் பிறகு போலிதெக்னிக்கில் இடம் கிடைத்தால் படிப்பதற்கும் ஆகும் என்று சொல்லி, 2,500 வெள்ளிக்குள் ஒரு கணினியைத் தானே பொருத்திக்கொள்ள விரும்புகிறான். அவன் எழுதிக் கொடுத்த பட்டியல்: ரைசன் 5 5600 செயலி, பி760 மதர்போர்டு, 16 ஜிபி டி.டி.ஆர்.5 ராம் ஒன்று, ஆர்.எக்ஸ். 6600 கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்.எஸ்.டி., 500 வாட் பவர் சப்ளையுடன் கூடிய கேசிங். ஒவ்வொன்றும் இணையச் சந்தையில் வெவ்வேறு கடையில் மலிவாகக் கிடைக்கிறதாம். மாதா மாதம் சம்பளத்தில் ஒவ்வொன்றாக வாங்கலாம் என்றிருக்கிறேன். எல்லாவற்றையும் வாங்கியபின் இது அதற்குச் சேராது என்று சொல்லிவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பது? வீட்டில் நீலநிற இணைப்பு மட்டும் உள்ள பழைய திரை ஒன்று இருக்கிறது, அதுவே போதுமா?
— ஒரு தந்தை, சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டம்

பதில்: ஐயா, இந்தப் பட்டியலை இப்படியே வாங்கினால் கணினி இயங்காது. தங்கள் மகன் தேர்ந்தெடுத்தவற்றில் பெரும்பாலானவை தனித்தனியே பார்த்தால் நல்ல பாகங்கள்தாம். ஆனால் கணினியின் மூளையான செயலி ஒரு குடும்பத்தையும், எல்லாப் பாகங்களும் அமரும் பலகையான மதர்போர்டு வேறொரு குடும்பத்தையும் சேர்ந்தவை. ரைசன் 5 5600, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட்டில், அதாவது பலகையில் செயலிக்கென உள்ள இருக்கையில், அமர வேண்டியது. அதன் அடியில் 1,331 முட்கள் இருக்கும், அவை பலகையிலுள்ள துளைகளில் இறங்கும். பி760 இண்டெல் செயலிகளுக்கான பலகை, அதன் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட்டில் முட்கள் பலகையிலேயே இருக்கும், செயலியின் அடியில் தட்டையான தொடுமுனைகள் மட்டுமே இருக்கும். இரண்டையும் சேர்த்துவைக்க எந்த இடைப்பொருளும் கிடையாது. முயன்று அழுத்தினால் முள் வளைவதுதான் மிச்சம்.

அடுத்தது ராம், அதாவது கணினி இயங்கும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். ரைசன் 5000 வரிசை டி.டி.ஆர்.4 ராமை மட்டுமே ஏற்கும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் 288 தொடுமுனைகளே இருப்பதாலும் நீளம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதாலும் படத்தில் பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று இறங்காது. எந்த ராம் என்பதைச் செயலியும் பலகையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இண்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் இரண்டு வகையையும் ஏற்கக்கூடியவை என்றாலும், அவற்றுக்கான பலகைகளில் பெரும்பாலானவை ஒரே வகைக்குத்தான் இடம் வைத்திருக்கும், டி.டி.ஆர்.4 பலகையாக இருந்தால் பெயரிலேயே டி4 அல்லது டி.டி.ஆர்.4 என்று குறிப்பிட்டிருப்பது வழக்கம்.

ஆகவே தங்கள் மகனுக்கு மூன்று வழிகள் உள்ளன. ரைசன் 5 5600-ஐ வைத்துக்கொண்டு பலகையையும் ராமையும் மாற்றுவது ஒன்று. பி760 பலகையை வைத்துக்கொண்டு, ஆறு உட்கருக்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) கொண்ட இண்டெல் கோர் ஐ5 12400எஃப் போன்ற செயலிக்கு மாறுவது இரண்டாவது. ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு மாறி ரைசன் 5 7600 அல்லது 7500எஃப் வாங்குவது மூன்றாவது; 2022-இல் வந்த இந்தச் சாக்கெட் டி.டி.ஆர்.5-ஐ மட்டுமே ஏற்கும். மூன்றாவது வழியில் போனால் சில ஆண்டுகள் கழித்துப் பலகையை மாற்றாமலேயே புதிய செயலியைப் பொருத்த இடமுண்டு, ஏ.எம்.4-க்கோ எல்.ஜி.ஏ.1700-க்கோ இனிப் புதிய தலைமுறை எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் 2025-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்ட நிலையில், 2,500 வெள்ளிக்குள் மூன்றாவது வழியில் போனால் கிராபிக்ஸ் கார்டுக்கான பணத்தைத்தான் அதில் போட வேண்டியிருக்கும். விளையாட்டுக்கென்று வாங்கும் கணினியில் அது நியாயமன்று. தங்கள் தொகைக்கு நான் முதல் வழியையே சொல்வேன். பழைய டி.டி.ஆர்.4 ராம் உறவினர் எவரிடமாவது இருந்தால் அதுவும் இதில் பயன்படும்.

இனி எந்த ஏ.எம்.4 பலகை என்று பார்ப்போம். பி550 பலகையை வாங்குமாறு சொல்கிறேன். பணம் இடிக்குமானால் ஏ520 போதும். பி550-இல் கிராபிக்ஸ் கார்டுக்கும் செயலிக்கும் இடையே தரவு செல்லும் தடம் பி.சி.ஐ.இ. என்ற முறையின் 4.0 வேகத்தில் இருக்கும், ஏ520-இலும் பி450-இலும் 3.0 தான். ஆர்.எக்ஸ். 6600 எட்டுத் தடங்களைப் பயன்படுத்துவதால் 3.0 பலகையில் பெரிய இழப்பு இல்லை. அதைவிட மலிவான ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். அது நான்கே தடங்களையும் 4 ஜிபி நினைவகத்தையும் கொண்டு வருவதால் 3.0 பலகையில் மிகவும் தளர்ந்துவிடுகிறது. செயலி விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு: பெயரில் நெருங்கியிருக்கும் ரைசன் 5 5500, 5600ஜி ஆகிய இரண்டும் பி550 பலகையில் அமர்ந்தாலும் 3.0 வேகத்திலேயே நிற்கும்.

பி450 பலகைகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கலாம். அவை ரைசன் 5000 வரிசை வருவதற்கு முன்பே வெளிவந்தவை. ஆகவே பலகையிலுள்ள பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள், பழையதாக இருந்தால் புதிய செயலியை அது அடையாளம் காணாது, திரையில் ஒன்றும் தெரியாது. செயலி இல்லாமலேயே பென்டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கும் வசதி சில பலகைகளில் உண்டு. அது இல்லாவிட்டால், புதுப்பிப்பதற்கென்றே ஒரு பழைய செயலியைத் தேடி ஈப்போவுக்குப் போக வேண்டியிருக்கும். பலகைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் ஒவ்வொரு பலகைக்கும் செயலி ஆதரவுப் பட்டியல் இருக்கும். அதில் 5600 எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஏற்கப்படுகிறது என்பதைப் பார்த்து, விற்பவரிடம் ‘இந்தப் பதிப்பு அல்லது இதற்குப் பிந்தையது இருக்கிறதா?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

16 ஜிபி ராமை ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்கச் சொல்லுங்கள். இரண்டு இருந்தால் செயலி இரு பாதைகளில் ஒரே நேரத்தில் தரவை எடுத்துக்கொள்ளும். விளையாட்டில் அதன் பலன் கண்ணுக்குத் தெரியும். பலகையில் நான்கு இடங்கள் இருந்தால், செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்த வேண்டும். 3200 என்று எழுதியிருக்கும் ராம் பொருத்தியவுடன் பெரும்பாலும் அந்த வேகத்தில் ஓடிவிடாது, பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது டி.ஓ.சி.பி. என்றிருக்கும் அமைப்பை ஒருமுறை இயக்கிவைக்க வேண்டும். இதைச் செய்யாமலேயே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துபவர்கள் உண்டு.

பட்டியலில் எனக்குக் கவலை தருவது கேசிங்குடன் சேர்ந்து வரும் அந்த 500 வாட் பவர் சப்ளைதான். பலகை பொருந்தாவிட்டால் கணினி இயங்காமல் போகும், அவ்வளவே. பவர் சப்ளை மோசமானால் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் மற்றப் பாகங்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட் மின்சாரத்தை. அந்தப் பத்தியின் கீழுள்ள ஆம்பியர் எண்ணை 12-ஆல் பெருக்கினால் உண்மையில் கிடைக்கும் வாட் தெரிந்துவிடும். 25 ஆம்பியர் என்றிருந்தால் 300 வாட்தான். வெளியே 500 என்று எழுதியிருந்தாலும் அதுதான் கணக்கு. நல்ல 550 வாட் பவர் சப்ளையில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

தங்கள் மகனின் கணினிக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். ரைசன் 5 5600-க்கு 65 வாட் என்று குறிப்பிட்டிருந்தாலும் முழு வேலையில் 76 வாட் வரை எடுக்கும். ஆர்.எக்ஸ். 6600-க்கு 132 வாட். பலகை, ராம், எஸ்.எஸ்.டி., விசிறிகள் எல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டைத் தாண்டாது. ஏ.எம்.டி. அந்தக் கார்டுக்கு 450 வாட் பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறது. பிற்காலத்தில் பெரிய கார்டு வாங்கக்கூடும் என்பதால் பெயருள்ள தயாரிப்பில் 550 வாட் எடுத்துக்கொள்வது என் யோசனை. 80 பிளஸ் புரோன்ஸ் (வெண்கலம்) போன்ற முத்திரைகள் சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன, பாதுகாப்பையோ ஆயுளையோ அன்று; அதற்கு உத்தரவாதக் காலத்தைப் பாருங்கள். ஐந்தாண்டு உத்தரவாதம் தருகிற தயாரிப்பாளர் ஓரளவு தன் பொருளை நம்புகிறார் என்று கொள்ளலாம்.

இணைப்புக் கம்பிகளிலும் ஏமாற இடமுண்டு. செயலிக்கான எட்டு முள் இணைப்பும் கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு முள் இணைப்பும் பார்வைக்கு ஒத்திருக்கும். முதலாவது நான்கும் நான்குமாகவும், இரண்டாவது ஆறும் இரண்டுமாகவும் பிரியும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வலிந்து நுழைக்கக் கூடாது. கழற்றி மாட்டும் கம்பிகளுள்ள பவர் சப்ளையை வாங்கினால், அதனுடன் வந்த கம்பிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும்; வேறொரு பவர் சப்ளையின் கம்பி கச்சிதமாக நுழைந்தாலும் அதன் உள்வரிசை மாறியிருக்கலாம், மாறியிருந்தால் எஸ்.எஸ்.டி.யும் பலகையும் அந்த நொடியிலேயே கருகும்.

கேசிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலகை மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவாக இருந்தால் அதற்கு இடமிருக்கிறதா, கார்டின் நீளத்துக்கு இடமிருக்கிறதா, முன்புறம் காற்று நுழைய வலைத்தட்டு இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் போதும். துத்தநாகக் கூரை வீட்டின் பகல் வெப்பத்தில், முன்புறம் முழுவதும் கண்ணாடி வைத்து அடைத்த கேசிங்கை வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்ண விளக்குகளுக்கு ஒதுக்கிய பணத்தை இன்னொரு விசிறிக்குக் கொடுக்கலாம். பிள்ளைகள் இதற்கு உடன்பட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

செயலியை வாங்கும்போது பெட்டியுடன் வருகிறதா, வெறும் ‘டிரே’ செயலியா என்று கேளுங்கள். பெட்டியில் வரும் 5600-உடன் விசிறி இருக்கும். டிரேயில் இருக்காது, உத்தரவாதமும் பெரும்பாலும் விற்பவர் தருவது மட்டுமே. மலிவான பலகைகள் பலவற்றில் வைஃபை இல்லை. தோட்டத்து வீட்டில் கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்துகொள்வதுதான் வழி என்றால், வைஃபை உள்ள பலகையையோ தனி யூ.எஸ்.பி. வைஃபையையோ கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரையைக் கேட்டிருந்தீர்கள். நீலநிற வி.ஜி.ஏ. இணைப்பு இன்றைய கார்டுகளில் இல்லை, ஹெச்.டி.எம்.ஐ.யும் டிஸ்பிளேபோர்ட்டும்தான் இருக்கும். ஹெச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும், உள்ளே சில்லுள்ள சிறிய கருவி ஒன்று சில வெள்ளிக்குக் கிடைக்கும். தற்காலிகமாக அது போதும். ஆனால் நொடிக்கு 60 முறை மட்டுமே மாறும் பழைய திரையில் ஆர்.எக்ஸ். 6600-இன் பலனில் பாதிதான் தெரியும். 2,500 வெள்ளி பெட்டிக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, 1080பி தெளிவில் 144 ஹெர்ட்ஸ் திரையை அடுத்த தீபாவளி போனசுக்குத் தள்ளிவைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மாதம் ஒன்றாக வாங்கும் திட்டத்தை மட்டும் கைவிடுங்கள். பாகம் பழுதா என்பது எல்லாவற்றையும் பொருத்திய பிறகே தெரியும். இணையச் சந்தைகளில் திருப்பி அனுப்புவதற்கான அவகாசமோ சில நாட்கள்தாம். ஜனவரியில் வாங்கிய பலகையை மே மாதம் சோதித்துப் பார்த்துப் பயனில்லை. தொகையைச் சேர்த்துவைத்து எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள். அவ்வளவு நாள் மகன் பொறுக்க மாட்டான் என்றால், திரைக்காட்சிக்கான சில்லைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் ரைசன் 5 5600ஜி செயலியுடன் பெட்டியைத் தொடங்கலாம். கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேயே சிறு விளையாட்டுகள் ஓடும், கார்டைப் பிறகு சேர்க்கலாம். முன்பே சொன்ன 3.0 குறை அதற்கு உண்டு என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

யாரிடம் போய் நிற்பது என்று கேட்டீர்கள். உள்நாட்டுக் கடைக்காரர் பழுதான பொருளை ஏற்க மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் கோரிக்கை பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் பொருள் நன்றாக இருந்து, நாம்தாம் சேராததை வாங்கினோம் என்றால் அங்கே போய் வாதாட ஒன்றுமில்லை.

கேள்வி: அண்ணா, நான் ஆறாம் படிவ மாணவி. என் மாமா வேலை செய்யும் அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினி ஒன்றை மலிவாக வாங்கிக் கொடுத்தார். மெல்லிய பெட்டி, ஐ5 6500 செயலி, 8 ஜிபி ராம். கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டால் வேலரண்ட் விளையாட முடியுமா? செயலியையும் எட்டாம் தலைமுறைக்கு மாற்றலாம் என்கிறான் தம்பி.
— மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கையே, கார்டு போடலாம், ஆனால் எந்தக் கார்டும் போட முடியாது. மெல்லிய அலுவலகப் பெட்டிகளில் முழு உயரக் கார்டு நிற்காது. பாதி உயரத்தில் செய்த கார்டுதான் வேண்டும். உள்ளே இருக்கும் பவர் சப்ளையில் கார்டுக்கான தனி இணைப்பு பெரும்பாலும் இருக்காது, பெட்டியும் பலகையும் அந்தந்தத் தயாரிப்பாளரின் தனி அளவில் செய்யப்பட்டிருப்பதால் கடையில் விற்கும் பவர் சப்ளையை மாற்றிப் பொருத்தவும் முடியாமல் போகலாம். ஆகவே, பலகையிலுள்ள செருகுவழியிலிருந்து கிடைக்கும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் வழி. ஜி.டி.எக்ஸ். 1650-இன் பாதி உயர வகையும், 2024-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜிபி கார்டின் பாதி உயர வகையும் அதற்குள் அடங்குபவை; பின்னது 70 வாட் மட்டுமே எடுக்கும். 8 ஜிபி பெற்ற 3050 வேறு கார்டு, 130 வாட் எடுப்பது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி அதை வாங்கிவிடக் கூடாது. ஆர்.எக்ஸ். 6400-உம் சிறியதுதான், ஆனால் நான்கே தடங்கள் கொண்ட அது உன் கணினியின் 3.0 பலகையில் முழுத் திறனைக் காட்டாது.

தம்பி சொன்ன செயலி மாற்றம் நடக்காது. ஆறாம் தலைமுறைச் சாக்கெட்டுக்கும் எட்டாம் தலைமுறைச் சாக்கெட்டுக்கும் எல்.ஜி.ஏ.1151 என்றே பெயர். எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசைப் பலகை வேண்டும் என்று இண்டெல் மாற்றிவிட்டதால் செயலி அமர்ந்தாலும் கணினி எழாது.

வேலரண்டைப் பொறுத்தவரை, உனக்குத் தடையாக வரக்கூடியது வேகமன்று. அந்த விளையாட்டு விண்டோஸ் 11-இல் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்கிறது. விண்டோஸ் 11-ஓ இண்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஆதரிக்கப்படுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பதிந்துகொள்பவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் மேலும் ஓராண்டுக்குக் கிடைக்கும். கார்டுக்குப் பெரிய தொகை செலவிடுவதற்கு முன் இதை யோசித்துக்கொள். இப்போதைக்கு 8 ஜிபி ராம் ஒன்றைக் கூடுதலாகப் போட்டு, பாடத்துக்கு அந்தக் கணினியை வைத்துக்கொள்வதே நான் சொல்வது. ராம் வாங்குமுன் பலகை டி.டி.ஆர்.3-ஆ டி.டி.ஆர்.4-ஆ என்று பார். அந்தத் தலைமுறையில் இரண்டும் உண்டு.

கேள்வி: இணையச் சந்தையில் சியான் செயலி, பலகை, 32 ஜிபி ராம், ஆர்.எக்ஸ். 580 கார்டு எல்லாம் சேர்த்து மிகக் குறைந்த விலையில் ஒரே கட்டாக விற்கிறார்கள். எல்லாம் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் பொருத்தம் பற்றிய கவலை இல்லையே? வாங்கலாமா?
— லாரி ஓட்டுநர், லிந்தாங்

பதில்: சேரும் என்பது உண்மைதான்; ஆனால் தமக்குள் மட்டுமே சேரும், வேறெதனோடும் சேரா. இந்தக் கட்டுகளில் வருபவை பெரும்பாலும் 2014, 2016-ஆம் ஆண்டுகளில் சர்வர்களுக்கென வந்த சியான் இ5 செயலிகள். பத்துக்கும் மேற்பட்ட உட்கருக்கள் இருப்பதாக விளம்பரம் செய்வார்கள். விளையாட்டு கேட்பதோ சில உட்கருக்களின் வேகத்தை, அது இவற்றில் குறைவு. ஒரே நேரத்தில் நாற்பது வேலைகளை (இழைகளை) ஓட்டும் பழைய சியானைவிட, நான்கே உட்கருக்கள் கொண்ட கோர் ஐ3 12100எஃப் பெரும்பாலான விளையாட்டுகளில் முன்னே நிற்கும். 32 ஜிபி ராம் என்பதும் பலவேளைகளில் சர்வருக்கான ரெஜிஸ்டர்டு ராம். நாளை பலகையை மாற்றும்போது அதைக் கொண்டுபோய் ஏ.எம்.4-இலோ எல்.ஜி.ஏ.1700-இலோ போட முடியாது. விண்டோஸ் 11-க்கும் இந்தச் செயலிகள் முறைப்படி உரியவை அல்ல.

ஆர்.எக்ஸ். 580 பற்றித் தனியே ஒரு சொல். 2017-இல் வந்த அசல் கார்டில் 2,304 கணிப்பு அலகுகள் உண்டு, 2048எஸ்.பி. என்று சிறிய எழுத்தில் குறிப்பிட்டு விற்பதில் 2,048 தான், பெயரை மட்டும் 580 என்றே வைத்திருக்கிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தீரியம் என்ற மின்னிலக்க நாணயம், கார்டுகளைக் கணக்கிட வைத்து நாணயம் ஈட்டும் ‘தோண்டும்’ முறையைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. விசிறியையும் வெப்பப் பசையையும் மாற்றினால் அவற்றில் சில நன்றாகவே ஓடும், எது ஓடும் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. 185 வாட் எடுக்கும் அந்தக் கார்டுக்கு நல்ல பவர் சப்ளை வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், கட்டின் மலிவு குறைந்துவிடும். நான் வாங்க மாட்டேன். பழைய பொருளே வாங்குவதானால், நேரில் போய் ஓட்டிப் பார்த்து, ஏ.எம்.4 பலகையும் செயலியும் ராமும் சேர்ந்த பழைய தொகுப்பை வாங்குங்கள்.

கேள்வி: பாகங்கள் எல்லாம் சரியாக வாங்கிப் பொருத்தினோம். விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கருப்பாகவே இருக்கிறது.
— இரு சகோதரர்கள், கோலகங்சார்

பதில்: முதலில் ஹெச்.டி.எம்.ஐ. கம்பி எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பலகையின் மேற்புறத்திலுள்ள இணைப்பில் இருந்தால் அதை எடுத்துக் கீழே கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். ரைசன் 5 5600-இலும் பெயரில் எஃப் உள்ள இண்டெல் செயலிகளிலும் திரைக்காட்சிச் சில்லு கிடையாது. அதுவல்ல என்றால் செயலிக்கான எட்டு முள் இணைப்பு மேல் மூலையில் மாட்டப்பட்டிருக்கிறதா, ராம் இரண்டு பக்கமும் சொடுக்கு ஒலி கேட்கும்வரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு ராமை மட்டும் இரண்டாவது இடத்தில் வைத்து முயலுங்கள். அப்போதும் எழாவிட்டால் முதல் பதிலில் சொன்ன பயாஸ் பதிப்புதான் காரணமாக இருக்கக்கூடும். பலகையின் பெயரை எழுதி அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: எம்.2 எஸ்.எஸ்.டி. எல்லாம் ஒன்றுதானா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை. எம்.2 என்பது கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யின் வடிவம் மட்டுமே. உள்ளே வேகம் குறைந்த சாட்டா வகையும் வேகம் மிகுந்த என்.வி.எம்.இ. வகையும் உண்டு. பலகையின் கையேட்டில் அந்த இடம் எந்த வகையை ஏற்கும் என்று எழுதியிருக்கும். இன்றைக்கு வாங்குபவர்கள் 2280 அளவில் என்.வி.எம்.இ. வாங்கினால் போதும், அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்.

கேள்வி: எங்கள் லயத்தில் மாலை வேளைகளில் இடி மின்னல் அதிகம். பக்கத்து வீட்டில் மோடமும் தொலைக்காட்சியும் ஒரே நாளில் போய்விட்டன. மகனுக்கு வாங்கிய கணினியை எப்படிக் காப்பாற்றுவது?
— இல்லத்தரசி, தோட்டக் குடியிருப்பு

பதில்: அம்மா, மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் நீட்டிப்புப் பலகையை வாங்கலாம், ஆனால் அது வீட்டிலுள்ள எர்த் கம்பி சரியாக இருந்தால்தான் வேலை செய்யும், ஏனென்றால் அது மிகுதியான மின்சாரத்தைத் தள்ளிவிடுவது அந்தக் கம்பியின் வழியேதான். பழைய லயன் வீடுகளில் மூன்று துளைச் செருகுமிடம் இருந்தும் எர்த் கம்பி அறுந்தோ இணைக்கப்படாமலோ இருப்பதுண்டு. கணினியின் இரும்புப் பெட்டியைத் தொடும்போது விரலில் லேசான அதிர்வு தெரிந்தால் அதுவும் எர்த் இல்லாததன் அடையாளமாக இருக்கலாம். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கிய பவர் சப்ளையுடன் வெளிநாட்டு வடிவச் செருகி வந்திருந்தால் மாற்றுச் செருகி போட்டு ஓட்டாமல், சிரிம் முத்திரையுள்ள மூன்று முள் மின்கம்பியாக மாற்றிவிடுங்கள்.

இவையெல்லாம் இருந்தாலும், அருகில் விழும் மின்னலை எந்த நீட்டிப்புப் பலகையும் முழுதாகத் தடுக்காது. இடி கேட்கத் தொடங்கியதும் கணினியை நிறுத்திச் செருகியைச் சுவரிலிருந்து உருவிவிடுவதே நம்பத்தக்க வழி. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. மோடத்திலிருந்து கணினிக்கு வரும் லேன் கம்பியையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். கண்ணாடி இழைக் கம்பியின் வழியே மின்சாரம் வராது என்றாலும், மோடத்துக்கு மின்சாரம் தரும் செருகியின் வழியே வந்து லேன் கம்பியில் ஏறி மதர்போர்டைக் கெடுத்துவிடும். பக்கத்து வீட்டில் இரண்டும் ஒரே நாளில் போனதற்கும் இது போன்ற ஒரு பாதையே காரணமாக இருந்திருக்கலாம்.